புது பிக்கப்: 'எல்லா வண்டியும் இப்படித்தான்' என்கிறார்கள், நம்பலாமா?

மண்பாதை எழுதியது:

பிக்கப் எடுத்து நான்கு மாதம் ஆகிறது. டபுள் கேபின், டீசல், ஆட்டோமேட்டிக், வேண்டும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் ஃபோர் வீல் டிரைவ். மீட்டரில் 6,200 கி.மீ. இதற்கு முன் பத்து வருடமும் ஒரே ஒரு சின்ன செடான்தான் ஓட்டினேன். லாரிச் சாதி வண்டிகளைப் பற்றி அதிகம் தெரியாது. வண்டி பிடித்திருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மூன்றாவது பதிலிலேயே யாராவது 'விற்றுவிடு' என்று ஆரம்பித்துவிடுவீர்கள்.

தொல்லைகளைச் சொல்கிறேன். சிக்னலில் மெதுவாக வந்து நிற்கிறேன். வண்டி நின்று அரை நொடி கழித்து, பின்னால் வந்தவர் பம்பரைத் தொட்டுவிட்டது போல ஒரு 'டொக்'. முதல் வாரம் இரண்டு முறை இறங்கிப் போய்ப் பார்த்தேன், பின்னால் யாரும் இல்லை. வேகத்தடை ஏறினால் பின்பக்கம் 'கீச்ச்' என்று கட்டில் சத்தம், அதுவும் காலையில் மட்டும். பெட்டி காலியாக இருந்தால் பின்சீட்டில் உட்காருபவர்கள் தூக்கிப் போடுகிறது என்கிறார்கள். என் அம்மா ஒரு முறை ஏறியதோடு சரி. 90க்கு மேல் போனால் சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம். சில நாள் வண்டியை அணைத்த பிறகும் ஃபேன் ஜெட் விமானம் போல ஓடுகிறது, கருகிய வாடை வேறு.

சர்வீஸில் மூன்று முறை காட்டிவிட்டேன். மூன்று முறையும் ஒரே பதில்: "இந்த மாடலில் எல்லா வண்டியும் இப்படித்தான்." உண்மையாக இருக்கலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் எப்படிச் சரியாகும்?

கடைசியாக ஒன்று, இது சின்ன விஷயம்தான். ஆயில் பார்த்தேன், ஃபுல் கோட்டுக்கு மேலே நிற்கிறது. நான் ஊற்றவில்லை. குறையாமல் இருக்கிறதே, நல்லதுதானே?

கிரீஸ்கை எழுதியது:

சின்ன விஷயம் என்று கடைசியில் சொன்னீர்களே, அதுதான் பெரிய விஷயம். மற்ற சத்தமெல்லாம் ஒரு மாதம் காத்திருக்கும். ஆயில் ஏறுவது காத்திருக்காது.

எஞ்சின் ஆயில் தானாகக் கூடாது. கூடினால் வேறு ஏதோ வந்து கலக்கிறது என்று அர்த்தம். உங்கள் வண்டியில் அது அநேகமாக டீசல். ஃபேன் சத்தமும் கருகிய வாடையும் அதே கதையின் இன்னொரு முனை.

புகைக்குழாயில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. கரித்தூளைப் பிடித்து வைக்கும். நிறைந்ததும் அதை எரித்தாக வேண்டும், அதற்குக் கிட்டத்தட்ட 600 டிகிரி சூடு வேண்டும். சாதாரண ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. அதனால் எஞ்சின் கம்ப்யூட்டர், பிஸ்டன் வேலையை முடித்துக் கீழே இறங்கும் நேரத்தில் இன்னும் கொஞ்சம் டீசலை அடிக்கிறது. அது சிலிண்டரில் முழுதாக எரியாமல் புகைக்குழாய்க்குப் போய் அங்கே சூட்டை ஏற்றுகிறது. இந்தக் கடைசி நேர டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் ஒட்டி, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, கீழே ஆயிலில் இறங்கிவிடும். சுத்திகரிப்பு முழுதாக முடிந்தால் இறங்குவது கொஞ்சம்தான். நீங்கள் பாதியில் வண்டியை அணைத்தால், அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். மறுபடி டீசல். மறுபடி பாதியில் நிறுத்தம்.

தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள்?

மண்பாதை எழுதியது:

வேலைக்குப் போக ஏழு கி.மீ., வர ஏழு கி.மீ. ஞாயிறு மட்டும் நீளமாக ஓட்டுவேன், அதுவும் எல்லா ஞாயிறும் இல்லை.

கிரீஸ்கை எழுதியது:

அவ்வளவுதான், விஷயம் பிடிபட்டுவிட்டது.

சமதளத்தில் நிறுத்தி, அணைத்துப் பத்து நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். சில டிப்ஸ்டிக்குகளில், அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பிகளில், ஃபுல் கோட்டுக்கு மேலே 'எக்ஸ்' போல ஒரு குறி இருக்கும். ஆயில் அதைத் தொட்டால் கி.மீ. கணக்குப் பார்க்காமல் மாற்ற வேண்டும். உங்கள் வண்டிக்கு எந்த அளவு என்பதைக் கையேட்டில் பாருங்கள். மேலே இருப்பதை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டு அளவு சரியாகிவிட்டது என்று இருக்காதீர்கள். உள்ளே இருப்பது தண்ணீர் விட்ட மோர் மாதிரி, அளவைக் குறைத்தால் கெட்டியாகிவிடாது. மாற்றும்போது டிபிஎஃப் வண்டிக்கான சாம்பல் குறைந்த ஆயில்தானா என்று டப்பாவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். கரித்தூளை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது. அது வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

ரொம்பவும் ஏறிவிட்டால் இன்னொரு ஆபத்து. எஞ்சினின் காற்றுப்போக்கியான பிரீதர் வழியாக ஆயில் உள்ளிழுக்கப்பட்டு, டீசல் எஞ்சின் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பிக்கும். அப்போது சாவியைத் திருப்பினாலும் நிற்காது. நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன், பட்டறையில் இருந்த அத்தனை பேரும் வெளியே ஓடினோம்.

டீசல்தாகம் எழுதியது:

என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுத்திகரிப்பு நடப்பதை விளக்கெரிந்து சொல்லும் வண்டியும் உண்டு, சொல்லாத வண்டியும் உண்டு. என்னுடையது ஊமை. நானாகக் கண்டுபிடித்த அடையாளங்கள்: ஐடிலில், அதாவது வண்டி ஓடாமல் எஞ்சின் மட்டும் ஓடும்போது, 750ல் நிற்கும் ஆர்பிஎம் முள் 950, 1,000 என்று ஏறி நிற்கும், சிக்னலில் தானாக அணையும் எஞ்சின் அணையாது, உடனடி மைலேஜ் காட்டும் எண் திடீரென்று மோசமாகும், எஞ்சின் குரல் கொஞ்சம் கட்டிப்போகும். இதில் இரண்டு சேர்ந்து வந்தால் வீட்டுக்குத் திரும்பாமல் நேராகப் போய்க்கொண்டே இருப்பேன். சீராக 60, 70ல் பதினைந்து, இருபது நிமிடம். முள் இறங்கியதும் திரும்பிவிடலாம்.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி பிளக்கில் மாட்டும் ஒரு சின்ன ரீடர் வாங்கிக்கொண்டால் கரித்தூள் எத்தனை சதவீதம் என்று ஃபோனிலேயே தெரியும். வாங்கிய முதல் மாதம் நான் சாலையைவிட அதைத்தான் அதிகம் பார்த்தேன். அது வேண்டாம், பக்கத்தில் உட்காருபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

'வண்டியைச் சுத்தம் பண்ணப் போகிறேன்' என்று சொல்லிவிட்டு இரவு ஒன்பது மணிக்கு நெடுஞ்சாலையில் போய்விட்டு வருவதை வீட்டில் யாரும் நம்புவதில்லை. அதற்கு என்னிடம் தீர்வு இல்லை.

ஹேட்ச்பேக்ராணி எழுதியது:

யாராவது கேட்டே ஆக வேண்டும், நானே கேட்கிறேன். தினம் ஏழு கி.மீ. போக, ஆள் ஒருவர், பெட்டி காலி. எதற்கு இரண்டு டன் டீசல் வண்டி? கோளாறு வண்டியிலா, வாங்கிய முடிவிலா?

மண்பாதை எழுதியது:

எதிர்பார்த்தேன் :)

மாதத்தில் நான்கைந்து நாள் மரம், சிமெண்ட், தண்ணீர்த் தொட்டி என்று ஏற்றுகிறேன். கடைசி மூன்று கி.மீ. மண் ரோடு, மழையில் செடான் இரண்டு முறை புதைந்தது. மற்ற இருபத்தைந்து நாளும் நீங்கள் சொல்வது சரிதான், மறுக்கவில்லை. டிபிஎஃப் பற்றி வாங்கும்போது யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம். தினமும் எத்தனை கி.மீ. ஓட்டுவீர்கள் என்று கேட்டிருந்தால் பெட்ரோலில் இருக்கும் வேறு ஏதாவது பார்த்திருப்பேன்.

ஹேட்ச்பேக்ராணி எழுதியது:

மண் ரோடு என்றால் சரி, கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன். விற்பவர் கேட்டிருக்க வேண்டும்தான்.

இழுவை எழுதியது:

தூக்கிப் போடுகிறது என்றீர்களே, டயரில் காற்று எவ்வளவு? ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். காலிப் பெட்டிக்கு ஒரு அளவு, முழுச் சுமைக்கு ஒரு அளவு. முதலில் போய் அதைப் பாருங்கள். புது வண்டிகளைத் தொலைதூரம் ஏற்றி அனுப்பும்போது காற்றைக் கூடுதலாக அடித்து அனுப்புவார்கள். கொடுக்கும்போது குறைக்க வேண்டும், பல பேர் மறந்துவிடுவார்கள்.

அப்புறம், அது பாதி வண்டியின் குணம்தான். ஒரு டன் ஏற்ற வேண்டிய பட்டை ஸ்பிரிங் (அடுக்கிய இரும்புத் தகடுகள்), நூறு கிலோவைச் சுமையாகவே மதிக்காது. ஃபோர்டு 1925ல் டி மாடலில் தொழிற்சாலையிலேயே பின்பெட்டி வைத்து விற்றபோதும் அடியில் பட்டைதான், இன்றைக்கும் பெரும்பாலான பிக்கப்புகளில் பின்னால் பட்டைதான். ராம் 1500 போன்ற சிலது 2009லேயே சுருள் ஸ்பிரிங்கான காயிலுக்கு மாறின. உட்கார சுகம், ஆனால் கனமாக ஏற்றினால் பின்பக்கம் படுத்துவிடும் என்று என்னைப் போல இழுவைக்கு வைத்திருப்பவர்களுக்கு அதில் ஒரு குறை உண்டு.

மண்பாதை எழுதியது:

இப்போதுதான் கீழே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். ஸ்டிக்கரில் காலிக்கு 32 பிஎஸ்ஐ. என் டயர்களில் நான்கிலும் 46! நான்கு மாதமாக, மூன்று சர்வீஸ் வருகைக்குப் பிறகும்.

டீசல்தாகம் எழுதியது:

அம்மாவைக் கூப்பிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

கிரீஸ்கை எழுதியது:

இப்போது 'டொக்'குக்கு வருவோம். சத்தங்களைப் பிரித்துக் கேட்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. நின்ற பிறகு ஒரே ஒரு 'டொக்', மந்தமாக, முதுகில் தட்டுவது போல வந்தால் ஒரு வகை. ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றும்போது 'டிங்' என்று இரும்பு இரும்பில் படுவது போல வந்தால் வேறு வகை. அங்கே, எஞ்சின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டின் மடங்கு மூட்டான கிராஸ் ஜாயிண்டிலோ, பின் ஆக்சிலின் கிரவுன் பல்லிலோ பிளே, அதாவது ஆட்டம், இருக்கும். வண்டி உருளும்போது வேகத்தோடு சேர்ந்து 'கிணுக் கிணுக்' என்றால் கிராஸ் பேரிங்கில் கிரீஸ் காய்ந்துவிட்டது.

உங்களுடையது முதல் வகை. பிரேக் போடும்போது மூக்கு குனிந்து பின்பக்கம் தூக்கும். கியர்ப்பெட்டிக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் உள்ள தூரம் மாறும். அதற்காகவே ஷாஃப்டில் ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் பல் வைத்த பாகம் இருக்கிறது. அதில் கிரீஸ் இல்லையென்றால் சறுக்காமல் பிடித்துக்கொள்ளும். வண்டி நின்று உடம்பு சமநிலைக்கு வரும்போது பிடி விட்டு ஒரே தாவாகத் தாவும். அதுதான் அந்த அரை நொடித் தாமதம்.

சோதனை எளிது. ஆள் இல்லாத இடத்தில், நிற்பதற்குச் சற்று முன்னால் நியூட்ரல் போட்டு நில்லுங்கள். சத்தம் போய்விட்டால் ஆட்டோமேட்டிக் இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும் சத்தம், சாஃப்ட்வேர் பக்கம் பார்க்க வேண்டும். நியூட்ரலிலும் வந்தால் ஷாஃப்ட் சறுக்கல், அல்லது பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்திருக்கிறது. புது வண்டியில் பட்டைகள் படிந்து உட்கார்ந்த பிறகு யூ போல்ட்டை ஒரு முறை முறுக்கு அளவு பார்த்து இறுக்க வேண்டும். முதல் சர்வீஸ் பட்டியலில் எழுதியிருக்கும், டிக் அடித்திருப்பார்கள். செய்தார்களா என்பது போல்ட்டுக்குத்தான் தெரியும்.

கதவுதூசி எழுதியது:

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். என் பிக்கப்பில் ஃபோர் வீல் போட்டுவிட்டு எடுத்தால் விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது, விடவே மாட்டேன் என்கிறது. திருப்பத்தில் யாரோ பிடித்து இழுப்பது போலவும் இருக்கிறது. கியர்ப்பெட்டி போச்சா?

இழுவை எழுதியது:

காய்ந்த தார் ரோட்டில் போட்டீர்களா?

கதவுதூசி எழுதியது:

ஆமாம், ஒரு மாதமாகப் போடவே இல்லையே, துருப்பிடித்துவிடக் கூடாது என்று போட்டுப் பார்த்தேன்.

இழுவை எழுதியது:

எண்ணம் நல்ல எண்ணம், இடம்தான் தப்பு. திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் சுற்றுகின்றன. உங்கள் வண்டியில் அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கும் நடு டிஃபரென்ஷியல் கிடையாது, முன் பின் இரண்டும் பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில்தான் சுற்றும். மண்ணில் டயர் வழுக்கிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்க முடியாது, ஷாஃப்ட் முறுக்கேறி நிற்கும். அந்த முறுக்கில் பல் விடாது. நேராகப் பத்து மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள், 'டக்' என்று விட்டுவிடும். மாதம் ஒரு முறை போடுவது நல்லது, சரளையிலோ ஈர மண்ணிலோ போடுங்கள்.

கதவுதூசி எழுதியது:

ரிவர்ஸ் எடுத்தேன், விட்டுவிட்டது! நன்றி அண்ணே. நாளைக்கு சர்வீஸில் நேரம் வாங்கி வைத்திருந்தேன், ரத்து செய்கிறேன்.

மண்பாதை எழுதியது:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். ஆயில் மாற்றியாகிவிட்டது, பழையதை விரலில் தொட்டால் வழவழப்பே இல்லை, டீசல் வாடை நன்றாகவே தெரிந்தது. டயர் 32க்கு வந்ததும் வேறு வண்டி. சீட்டுக்கு அடியில் இருந்த நடுக்கத்துக்கு வீல் பேலன்ஸ் பார்க்கச் சொன்னேன், பின் வலது சக்கரத்தில் பேலன்ஸ் நன்றாகவே தப்பியிருந்தது. சரிசெய்ததும் 110 வரை அமைதி.

நியூட்ரல் சோதனை செய்தேன், நியூட்ரலிலும் 'டொக்'. கிரீஸ்கை அண்ணன் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு போனேன். ஷாஃப்டைக் கழற்றி கிரீஸ் வைத்துக் கொடுத்தார்கள், யூ போல்ட்டும் இறுக்கினார்கள். டொக் போயே போச்சு.

ஆனால் இப்போது 50ஐத் தாண்டினாலே தரை மொத்தமும் 'ம்ம்ம்ம்' என்று அதிர்கிறது. இது முன்னால் இல்லவே இல்லை. கேட்டால் என்ன பதில் சொன்னார்கள் தெரியுமா? அதேதான்.

கிரீஸ்கை எழுதியது:

கழற்றும் முன் இரண்டு பாகத்துக்கும் பெயிண்ட் குறி வைத்தார்களா?

மண்பாதை எழுதியது:

கீழே குனிந்து பார்த்தேன். எந்தக் குறியும் இல்லை.

கிரீஸ்கை எழுதியது:

அப்படியானால் பல் மாற்றி ஏற்றியிருக்கிறார்கள். காரணம் இதுதான். கிராஸ் ஜாயிண்ட் கோணத்தில் சுற்றும்போது மறுமுனை ஒரே சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி இரண்டு முறை குறையும். அடுத்த முனையில் இருக்கும் ஜாயிண்ட் அதற்கு நேர் எதிராகச் செய்து இதை ஈடுகட்டும். இரண்டு முனைக் கவைகளும் (ஜாயிண்டைப் பிடிக்கும் பிளவு முனைகள்) ஒரே தளத்தில் இருந்தால்தான் அந்தக் கணக்கு நடக்கும். சறுக்கும் பாகத்தை வெளியே இழுத்துவிட்டு இரண்டு மூன்று பல் தள்ளி ஏற்றினால் ஈடுகட்டுவதற்குப் பதில் ஒன்றோடொன்று சண்டை போடும். சில ஷாஃப்டுகளில் ஒரே விதமாக மட்டும் ஏறும்படி ஒரு பல்லை அகலமாக வைத்திருப்பார்கள். உங்களுடையதில் இல்லை போலிருக்கிறது.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பார்க்கில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு டார்ச்சோடு பாருங்கள். சறுக்கும் பாகம் உள்ள ஷாஃப்டின் இரண்டு முனைக் கவைகளும் ஒரே வரிசையில் இருக்கின்றனவா? இல்லையென்றால் ஃபோட்டோ எடுத்து ஜாப் கார்டில் எழுத வையுங்கள். 'அதிர்வு' என்று மட்டும் எழுத விடாதீர்கள். 'ஷாஃப்ட் கழற்றிய பிறகு, 50 கி.மீ. வேகத்திலிருந்து அதிர்வு, முன்பு இல்லை' என்று முழுசாக எழுதச் சொல்லுங்கள். வாரண்டியில் பேச்சு நிற்காது, காகிதம்தான் நிற்கும்.

இன்னொன்று. யாராவது 'எல்லா வண்டியும் இப்படித்தான்' என்றால் சண்டை போடாதீர்கள். "சரி, வளாகத்தில் நிற்கும் அதே மாடலில் ஒன்றை எடுங்கள், இரண்டு பேரும் ஓட்டிப் பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். அதிலும் அதே சத்தம் வந்தால் நீங்கள் வீட்டுக்குப் போகலாம். வராவிட்டால் அவர் பேச்சை அவரே மாற்றுவார்.

மண்பாதை எழுதியது:

டெமோ வண்டியை எடுக்க வைத்தேன். மெக்கானிக்கும் நானும் போனோம். 50, 60, 80, தரை சும்மா இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். திரும்பி வந்து எதுவும் பேசாமல் என் வண்டியை லிஃப்டில் ஏற்றினார். கவைகள் கண்ணுக்குத் தெரியும்படியே கோணலாக இருந்தன. நாற்பது நிமிட வேலை, அதிர்வு போய்விட்டது. இந்த முறை மஞ்சள் பெயிண்டில் குறியும் வைத்தார், நான் கேட்காமலே.

'கீச்ச்' சத்தம் டெமோ வண்டியிலும் இருந்தது. அதை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

பழையலாரி எழுதியது:

கீச்சுக்கு எதற்கு இவ்வளவு? பழைய எஞ்சின் ஆயிலைப் பட்டை மேல் ஊற்றுங்கள், முடிந்தது.

கிரீஸ்கை எழுதியது:

தயவுசெய்து ஊற்றாதீர்கள். பழைய லாரியில் பட்டையோடு பட்டை நேராக உரசும், அங்கே ஆயில் சரி. இந்தப் பட்டைகளின் நுனியில் பிளாஸ்டிக் பட்டைத்துண்டும், முனை வளையமான கண்ணில் ரப்பர் புஷ்ஷும் இருக்கும். ஆயில் பட்டால் ரப்பர் ஊறிப் பிய்ந்துபோகும், தூசியும் அதில் ஒட்டி உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். தண்ணீர் அடித்து மண்ணைக் கழுவுங்கள், காய்ந்ததும் நுனிகளில் கொஞ்சம் சிலிகான் ஸ்பிரே. சில வாரம் அமைதி, மறுபடி வரும், மறுபடி கழுவ வேண்டும்.

பழையலாரி எழுதியது:

முப்பது வருடமாக ஊற்றுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

கிரீஸ்கை எழுதியது:

முப்பது வருடமாக ரப்பர் இல்லாத லாரிக்கு ஊற்றியிருக்கிறீர்கள் அண்ணே.

மண்பாதை எழுதியது:

11,400 கி.மீ. ஆகிவிட்டது, அதனால் ஒரு தகவல். ஆயில் அளவை வாரம் ஒரு முறை ஞாயிறு காலை பார்த்து நோட்டில் எழுதுகிறேன். ஏறுவது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. வேலைக்குப் போக வாரம் மூன்று நாள் பழைய சைக்கிள், மற்ற நாள் சுற்றுப் பாதையில் 22 கி.மீ. அம்மா போன வாரம் பின்சீட்டில் ஏறி, பாதி வழியில் தூங்கியும் விட்டார்.

ஒன்றே ஒன்று பாக்கி. மண் ரோட்டில் மட்டும், வலது பின்பக்கம், 'டிக்டிக்டிக்' என்று மெல்லிசாக ஒரு சத்தம். பின்கதவுக் கொண்டியைக் கட்டிப் பார்த்தேன், பெட்டியைக் காலி செய்தேன், ஸ்டெப்னியை இறக்கி ஏற்றினேன். அதன் பாட்டுக்கு வருகிறது. அண்ணே, ஷாஃப்டா?

கிரீஸ்கை எழுதியது:

ஷாஃப்ட் மண் ரோடு, தார் ரோடு என்று பார்க்காது. பின்சீட்டை மடக்கி ஜாக்கிக் கம்பி கிளிப்பில் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள்.

மண்பாதை எழுதியது:

ஜாக்கிக் கம்பி இறுக்கமாக இருக்கிறது. ஆனால் சீட்டை மடக்கும்போது கிடைத்துவிட்டது. ஆள் இல்லாத பின்சீட்டின் பெல்ட் கொக்கி, பிளாஸ்டிக் தூணில் தட்டிக்கொண்டிருந்தது.